சென்ட் வாசனை நேரம் போகப் போக மாறுவது ஏன்? காரணம் தோலா, மூக்கா?

கோடைமழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சந்தேகம் இது.

நானும் அண்ணியும் ஒரே சென்ட் பாட்டிலைத்தான் பயன்படுத்துகிறோம். அடித்த உடனே இரண்டு பேர் கையிலும் ஆரஞ்சுத் தோலை உரித்த வாசனை. மதியம் பார்த்தால் என் கையில் சோப்பு வாசம்போல ஏதோ ஒன்று மெலிதாக இருக்கிறது. அண்ணி கையில் அதே நேரத்தில் நல்ல இனிப்பு, வெண்ணிலா ஐஸ்கிரீம் மாதிரி. சாயந்திரம் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. அண்ணியோ, தன் கையில் சந்தனம் மாதிரி ஒன்று இன்னும் நிற்கிறது என்கிறார்.

கடையில் கேட்டால், "ஸ்கின் கெமிஸ்ட்ரி மேடம், ஆளுக்கு ஆள் மாறும்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஸ்கின் கெமிஸ்ட்ரி என்றால் என்ன என்று யாருக்காவது விவரமாகத் தெரியுமா? விலையோ ஆயிரக்கணக்கில். கடையில் நிற்கும் அந்த ஐந்து நிமிட வாசனையை நம்பி எப்படி வாங்குவது?

---

வாத்தியார்_திருச்சி எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. முதலில் தோலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுவோம். அதே சென்டை ஒரு காகிதத் துண்டில் அடித்து மேசையில் வைத்துப் பாருங்கள். அதிலும் காலையில் ஒரு வாசனை, மாலையில் வேறு வாசனை. காகிதத்துக்கு ஏது ஸ்கின் கெமிஸ்ட்ரி? ஆக, மாற்றத்தில் பெரும்பங்கு சென்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு சென்டில் பல பத்துப் பொருள்கள் கலந்திருக்கும். எல்லாம் ஆல்கஹாலில் கரைந்திருக்கும். ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி, அது ஓரிரு நிமிடத்தில் பறந்துவிடும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன் 176 டிகிரி. லாவெண்டரிலும் மல்லிகையிலும் உள்ள லினலூல் 198. பன்னீரில் ரோஜா மணம் தருவதில் பெரும்பங்கு வகிக்கும் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் 219. வெண்ணிலாவின் வெனிலின் 285. சந்தன எண்ணெயில் உள்ள சாண்டலால் 300ஐத் தாண்டும். நம் தோலின் மேற்பரப்பு 32, 33 டிகிரிதான், அதில் எதுவும் கொதிக்காது. கொடியில் போட்ட ஈரத்துணி கொதிக்காமலே காய்கிறது அல்லவா, அப்படித்தான் இவையும் போகின்றன. வேகம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

கனமான மூலக்கூறு மெதுவாகப் போகும், லேசானது சீக்கிரம் போகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி சரி. லிமோனீனின் மூலக்கூறு எடை 136. ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலின் எடை 122. லேசானது இரண்டாவதுதான், ஆனால் அதுதான் மெதுவாகப் போகிறது. அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பகுதி) பக்கத்து மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்வதே காரணம். வெனிலின் எடையும் 152தான், சந்தனத்தைவிடக் குறைவு. அதுவும் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிற வகை.

வில்லியம் பௌச்சர் என்ற ஆங்கிலேய வாசனை நிபுணர் இந்த மூலப்பொருள்களை ஒவ்வொன்றாக ஆவியாக விட்டு, சீக்கிரம் போவதற்கு 1, மெதுவாகப் போவதற்கு 100 என்று எண் கொடுத்து வரிசைப்படுத்தினார். சந்தனம், பேட்சௌலி, ஓக் மரப்பாசி எல்லாம் 100க்குப் போய் உட்கார்ந்தன. மேல் வாசனை (முதலில் வந்து சீக்கிரம் போவது), நடு வாசனை, அடி வாசனை (கடைசிவரை நிற்பது) என்று இன்று எல்லோரும் பேசுகிற பிரிவுக்குப் பின்னால் இருப்பது இந்த ஆவியாகும் வேகம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேல் வாசனை முடிந்த பிறகுதான் நடு வாசனை கிளம்பும் என்பதில்லை. சந்தனம் முதல் நொடியிலிருந்தே கையில் இருக்கிறது, ஆவியாகிக்கொண்டும் இருக்கிறது. ஆரஞ்சின் சத்தத்தில் அது கேட்பதில்லை, அவ்வளவுதான்.

---

அலைகடல் எழுதியது:

வாத்தியார் ஐயா சொல்வது காகிதத்துக்குச் சரி. ஆனால் தோலுக்குப் பங்கே இல்லை என்பதுபோல் போகிறது பேச்சு. எங்கள் வீட்டிலேயே நான் போட்டால் நன்றாக இருக்கும் சென்ட் தம்பி போட்டால் புளித்த மாதிரி ஆகிவிடுகிறது. தோலின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) ஆளுக்கு ஆள் மாறும், அதனால் வாசனை மாறும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்களே?

---

வாத்தியார்_திருச்சி எழுதியது:

பங்கே இல்லை என்று சொல்லவில்லை தம்பி, பெரும்பங்கு சென்டுக்குள் என்றேன். இப்போது தோலுக்கு வருவோம்.

தோலின் பிஎச் பெரும்பாலும் 5ஐ ஒட்டி இருக்கும், லேசான அமிலத்தன்மை. சென்டில் உள்ளவை அநேகமாக ஆல்கஹால், எஸ்டர், கீட்டோன், டெர்பீன் வகைகள். பிஎச் அரைப் புள்ளி ஏறி இறங்கியதற்காக இவை சில மணி நேரத்துக்குள் வேறு பொருளாக மாறிவிடுவதில்லை. ஆல்டிஹைடு வகை மட்டும் கொஞ்சம் வேறு. தோல் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. பட்டை வாசனைக்குக் காரணமான சின்னமால்டிஹைடு சிலருக்கு அலர்ஜி தருவதும் அதனால்தான்.

என் கணக்கில் ஆளுக்கு ஆள் வேறுபாடு தருவதில் முதலிடம் எண்ணெய்ப்பசைக்கு. வாசனைப் பொருள்கள் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. எண்ணெய்ப்பசையுள்ள தோலில் அவை கரைந்து தங்கி, மெதுவாக வெளியே வரும். வறண்ட தோலில் பிடிமானம் இல்லை, சீக்கிரம் போய்விடும். அடுத்தது சூடு. வெயிலில் நடந்து வந்தவர் கையும் ஏசியில் உட்கார்ந்திருப்பவர் கையும் ஒன்றல்ல. அப்புறம் ஏற்கெனவே கையில் இருக்கும் சோப்பு, பாடி லோஷன், தேங்காய் எண்ணெய் வாசனைகள்.

உங்கள் தம்பிக்குப் புளித்த வாசனை வருவது பெரும்பாலும் வியர்வை சமாச்சாரம். வியர்வைக்கு வாசனை ஏதும் பெரிதாகக் கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதை, முக்கியமாக அக்குள் வியர்வையை, உடைத்துச் சில அமிலங்களை உண்டாக்கும். அந்த வாசனை சென்டோடு கலக்கிறது. சென்ட் கெட்டுப்போகவில்லை, பக்கத்தில் இன்னொன்று வந்து சேர்ந்துகொண்டது. தம்பியைக் குளித்துத் துடைத்த கையோடு முழங்கை மடிப்பில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

நிலக்கோட்டைவாசி எழுதியது:

மல்லிகைப் பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன். நிலக்கோட்டையில் பூ மார்க்கெட் உண்டு, அதைச் சுற்றி சென்ட் ஃபேக்டரிகளும் உண்டு. மல்லி விலை சரியும் நாட்களில் பூ அங்கேதான் போகும். சத்தியமங்கலம் பக்கமும் இதே கதைதான். நம் மல்லியும் ஜாதிமல்லியும் பிரான்ஸ் வரைக்கும் போய் அங்கே பெரிய கம்பெனி பாட்டில்களுக்குள் நுழைகின்றன.

ஃபேக்டரியில் பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊற வைத்து எடுப்பார்கள். கிடைப்பது மெழுகு மாதிரி கெட்டியாக இருக்கும், கான்கிரீட் என்பார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு ஒன்றிரண்டு கிலோ, மிஞ்சிப்போனால் மூன்று. அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டினால் வருவது அப்சல்யூட். கருஞ்சிவப்புக்கும் பழுப்புக்கும் இடையில் ஒரு நிறம், தேன் பாகு பதம்.

இந்த அப்சல்யூட்டை ஒரு காகிதக் குச்சியில் தொட்டு வைத்துவிட்டுக் கவனிக்க வேண்டும். முதலில் வருவது வாழைப்பழம் மாதிரி ஒரு பழ வாசனை. அது பென்சில் அசிட்டேட். நேரம் போகப்போகத்தான் பூ வருகிறது. அதற்குள்ளேயே இண்டோல் என்று ஒன்று. தனியாக முகர்ந்தால் பாச்சா உருண்டை, கழிவறை நினைவுதான் வரும். ஆனால் அது இல்லாவிட்டால் மல்லி வெறும் சோப்பு வாசனையாகிவிடும். மறுநாள் அந்தக் குச்சியில் இருப்பது டீத்தூளும் தேனும் கலந்த மாதிரி ஒரு வாசனை. மல்லி என்று சொல்லிக்கொடுத்தால் ஒழிய யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மல்லிக்கும் ஜாதிமல்லிக்கும் இதில் வித்தியாசம் உண்டு. மல்லியில் மெத்தில் ஆந்த்ரனிலேட் சேர்ந்து கொஞ்சம் திராட்சை, ஆரஞ்சுப் பூ சாயல் கொடுக்கும். ஜாதிமல்லியில் ஜாஸ்மோன். அது கனிந்த, கனத்த வாசனை.

தலையில் வைத்த பூ மட்டும் ஏன் இப்படி மாறாமல், ராத்திரி ஆக ஆக இன்னும் தூக்கலாக மணக்கிறது என்று எனக்கு ஒரு காலத்தில் குழப்பம். பூவுக்கு உயிர் இருக்கிறது. காலையில் மொட்டாகப் பறித்தாலும் சாயந்திரம் விரிந்து, வாசனையைப் புதிதாகச் செய்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. லேசாகப் பறந்துபோகிற பென்சில் அசிட்டேட்டும் லினலூலும் தீரத் தீர வந்துகொண்டிருக்கும். பாட்டில் சென்டுக்கு அந்த வசதி கிடையாது. அடித்த அளவுதான், அப்புறம் கழித்தல் கணக்குதான்.

---

ஷார்ஜா_நண்பன் எழுதியது:

நிலக்கோட்டை நண்பர் சொன்ன கடைசிப் பத்தி அருமை. அதோடு ஒன்று சேர்க்கிறேன். நம்மவர்கள் பூவை மட்டும் உயிரோடு தலையில் வைத்துக்கொண்டார்கள். உடம்பில் பூசியதெல்லாம் சந்தனம், அகில், கஸ்தூரி, புனுகு, ஜவ்வாது. எல்லாம் மெதுவாகப் போகிற அடி வாசனைகள். வெயில் ஊரில் எது நிற்கும், எது நிற்காது என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அகிற்புகையில் கூந்தலை உலர்த்தியதைச் சங்கப்பாட்டிலேயே பார்க்கலாம்.

இங்கே வளைகுடாவில் அதே பழக்கம் இன்றும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஊத் என்று இவர்கள் சொல்வது நம் அகில்தான். மரத்தில் பூஞ்சை தாக்கினால் மரம் ஒரு பிசினைச் சுரக்கும், அந்தப் பிசின் ஊறிய கட்டைக்குத்தான் விலை. ஊத் எண்ணெயைத் தொட்டு வைத்ததும் மாட்டுத்தொழுவ நெடி அடிக்கும். புதிதாக வருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். கொஞ்ச நேரம் பொறுத்தால் தோல் பை, அப்புறம் இனிப்பான மரம் என்று இறங்கும். அடுத்த நாள் குளித்த பிறகும் லேசாக இருக்கும்.

அத்தர் விஷயத்தில் கவனித்துப் பாருங்கள், ஸ்ப்ரே சென்டில் வருகிற அந்த முதல் வீச்சு அதில் இருக்காது. ஆல்கஹால் இல்லையே. உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜில் பழைய முறையில் செய்யும்போது, செம்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் காய்ச்சி, வருகிற ஆவியை மூங்கில் குழாய் வழியாக இன்னொரு பாத்திரத்துக்குள் விடுவார்கள். அந்தப் பாத்திரத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் மணம் நேராகச் சந்தனத்துக்குள் போய் ஒடுங்குகிறது. அதனால்தான் அத்தரில் முதலிலிருந்து கடைசிவரை சந்தனம் கூடவே வருகிறது. இன்று சந்தன எண்ணெய் விற்கிற விலையில் பலர் அதற்குப் பதில் பாரஃபின் எண்ணெய் ஊற்றுகிறார்கள். வாசனை நிற்காத அத்தர் கையில் கிடைத்தால் காரணம் உங்கள் தோல் இல்லை.

எனக்குக் கேட்டால் அத்தர்தான். படிப்படியாக மாறுகிற சென்டைவிட, போட்டதும் ஒரே குரலில் பேசுகிற அத்தர் மேல்.

---

கவுன்ட்டர்க்காரி எழுதியது:

கோவையில் ஒரு மாலில் பெர்ஃப்யூம் கவுன்ட்டரில் இருக்கிறேன். ஷார்ஜா அண்ணாவுக்கு ஒரு சின்ன மறுப்பு: மாறுவதுதான் எனக்குப் பிடித்ததே. கொலோன் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரீனா குடும்பம் தொடங்கிய வழி அது. பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சு, அதே இனத்துப் பழமான பெர்கமாட். வாசனைப் பொருளே 2இலிருந்து 5 சதவீதம்தான். அரை மணி, ஒரு மணி நேரத்தில் போய்விடும். குளித்துவிட்டு வந்து கழுத்தில் தடவினால் அந்த அரை மணிக்கு ஈடு இல்லை. நிற்கவில்லை என்று அதைக் குறை சொல்வது நியாயமில்லை.

கோடைமழை அக்கா, வாங்குவது பற்றிக் கேட்டீர்களே. கடையில் நான் தினமும் பார்ப்பது இது: காகிதக் குச்சியில் அடித்துக் கொடுப்போம், முகர்ந்து பார்த்து, பிடித்தால் பில் போட்டுவிடுவார்கள். அவர்கள் வாங்குவது மேல் வாசனையை மட்டும். கம்பெனிகளுக்கும் இது தெரியும். சில சென்டுகளில் முதல் பத்து நிமிடம் பிரமாதமாக இருக்கும், மதியத்துக்கு மேல் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும்.

நான் வாடிக்கையாளரிடம் சொல்வது, குச்சியில் பார்த்து நான்கைந்தைக் கழித்துவிடுங்கள், மிச்சத்தில் கைக்கு ஒன்று மட்டும் போட்டுக்கொண்டு கடையை விட்டுப் போய்விடுங்கள் என்பதுதான். சாப்பிட்டுவிட்டு, படம் பார்த்துவிட்டு, வீட்டுக்கே போய்விட்டுக்கூட வரலாம். மூன்று மணி நேரம் கழித்தும் கையை மூக்குக்குக் கொண்டுபோகத் தோன்றினால் வாங்குங்கள்.

இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்காதீர்கள். மூலக்கூறு நசுங்கிவிடும் என்று சொல்வது சும்மா. ஆனால் தேய்த்தால் சூடாகி, பரவி, மேல் வாசனை அவசரமாகப் போய்விடும். நடுவில் காபிக்கொட்டை முகர்வதற்கும் அவ்வளவு பலன் இல்லை. வெளியே போய் வெறும் காற்றை இழுத்தாலே போதும், இல்லாவிட்டால் உங்கள் சட்டைக் கையையே முகருங்கள்.

---

அலைகடல் எழுதியது:

கடைசிக் குறிப்பு உபயோகமானது சகோதரி. ஆனால் கோடைமழை சொன்னதில் ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. எண்ணெய்ப்பசை கூடக் குறைய இருந்தால் வாசனை நிற்கிற நேரம் மாறும், சரி. ஒருவருக்கு சோப்பு, இன்னொருவருக்கு வெண்ணிலா, அப்புறம் ஒருவருக்குச் சந்தனம், இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. இது நேரக் கணக்கு மட்டும்தானா?

---

வாத்தியார்_திருச்சி எழுதியது:

இல்லை. இந்த இடத்தில்தான் மூக்கு வருகிறது. என்னைக் கேட்டால், ஸ்கின் கெமிஸ்ட்ரி என்று சொல்கிறவற்றில் நிறைய மூக்கின் வேலை.

இரண்டு விஷயம். ஒன்று, மூக்குக்குப் பழகிவிடும். ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். வீட்டுக்குள் நுழைகிற விருந்தாளிக்கு அடிக்கிற சாம்பார் வாசனை சமைத்தவருக்குத் தெரிவதில்லை. தன் சென்ட் போய்விட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி அடிப்பவர்களை நாம் லிஃப்டில் சந்தித்திருப்போம்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த கேஸா ஷோன் 2006இல் மாலிக்யூல் 01 என்று ஒரு சென்ட் கொண்டுவந்தார். அதில் ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே ஒரு செயற்கை வாசனைப் பொருள்தான், மெலிதான மர வாசனை. (கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் ஒரே வாய்பாடுள்ள சில வடிவங்களின் கலவை. அது வேறு பேச்சு.) மேல், நடு, அடி என்று பிரிக்க அதில் எதுவுமே இல்லை. ஆனாலும் போட்டவர்கள், வாசனை வருகிறது, காணாமல் போகிறது, திடீரென்று மறுபடி வருகிறது என்கிறார்கள். கையில் பொருள் சீராகத்தான் ஆவியாகிறது. விட்டு விட்டுத் தெரிவது மூக்கு பழகுவதாலும் மீள்வதாலும்.

இரண்டாவது, சில வாசனைகள் சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது. இதில் கஸ்தூரி வகை பெயர்போனது. கேலக்ஸோலைடு போன்ற செயற்கைக் கஸ்தூரிகள் மூலக்கூறு பெரியவை. ஒரு வகை நன்றாகத் தெரிகிறவருக்கே இன்னொரு வகை சுத்தமாகத் தெரியாமல் இருக்கலாம். வயலட் பூவின் வாசனையான பீட்டா அயனோனிலும் இப்படித்தான். ஒரே ஒரு மரபணு வேறுபாட்டால் சிலருக்கு அது பூவாக மணக்கிறது, சிலருக்கு அப்படித் தெரிவதில்லை.

கோடைமழை, மதியம் உங்களுக்கு வருகிற சோப்பு வாசம் அநேகமாக இந்தக் கஸ்தூரிதான். சலவைத்தூளிலும் துணிக்குப் போடும் கண்டிஷனரிலும் பல காலமாகப் போடுகிறார்கள், அதனால் அது வந்தாலே நமக்குத் துவைத்த துணி நினைவு வருகிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்களும் அண்ணியும் ஒரே நேரத்தில் ஒரே அளவு அடித்துக்கொள்ளுங்கள். மதியமும் மாலையும் உங்கள் கையை நீங்களும் அவரும் முகருங்கள், அவர் கையையும் அப்படியே. இரண்டு மூக்கு, இரண்டு கை. கை மாறினால் வாசனை மாறுகிறது என்றால் காரணம் தோல். மூக்கு மாறினால் மாறுகிறது என்றால் காரணம் மூக்கு. வீட்டில் மூன்றாவதாக ஒருவரைக் கண்ணை மூடச் சொல்லி முகரவைத்தால் இன்னும் நல்லது.

---

கோடைமழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார் சொன்ன சோதனையைச் செய்தோம். அண்ணன்தான் மூன்றாவது மூக்கு, கண்ணைக் கட்டிவிட்டோம்.

மதியம்: அண்ணி கையில் வெண்ணிலா இருப்பது எனக்கும் தெரிந்தது, அண்ணனுக்கும் தெரிந்தது. என் கையில் அது மூன்று பேருக்குமே குறைவுதான். அப்போது இது தோல். அண்ணி குளித்ததும் கை கால் எல்லாம் லோஷன் தடவுவார், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, என் தோல் வறண்டது.

மாலையில் வந்தது வேறு பதில். அண்ணிக்கு இரண்டு கையிலும் சந்தனம் தெரிகிறது. என் கையை முகர்ந்துவிட்டு, "உன் கையிலும் இருக்கே, கொஞ்சம் லேசா" என்கிறார். அண்ணனும் அதையே சொன்னார். எனக்கு அவர் கையில்கூடத் தெரியவில்லை! பூஜை அறையில் இழைக்கிற நிஜச் சந்தனம் எனக்கு நன்றாகவே தெரியும். இது மட்டும் ஏன்?

---

வாத்தியார்_திருச்சி எழுதியது:

மிக அழகாகச் செய்திருக்கிறீர்கள். ஒரே வீட்டில் தோலுக்குப் பாதி, மூக்குக்குப் பாதி என்று பிரித்துக் காட்டிவிட்டீர்கள்.

சந்தனம் பற்றி: பாட்டிலில் இருப்பது அநேகமாக இழைக்கிற சந்தனம் இல்லை. சந்தனம்போல மணக்கிற செயற்கைப் பொருள்கள் பல இருக்கின்றன, அமைப்பில் ஒன்றுக்கொன்று வேறு. கஸ்தூரியில் சொன்னது இவற்றுக்கும் பொருந்தும். நிஜச் சாண்டலால் தெரிகிற மூக்குக்கு அதில் ஏதாவது ஒன்று தெரியாமல் போகலாம். நாள் முழுக்க அதோடேயே இருந்ததால் பழகிப் போனதும் சேர்ந்திருக்கும். இரண்டையும் பிரிக்க வேண்டுமானால், நீங்கள் சென்ட் போடாத ஒரு நாளில் அண்ணியின் கையை மாலையில் முகர்ந்து பாருங்கள்.

---

கவுன்ட்டர்க்காரி எழுதியது:

அக்கா, அண்ணியின் லோஷன்தான் உங்களுக்கும் மருந்து. வாசனை இல்லாத லோஷனைத் தடவி, அது ஊறினதும் அதன்மேல் அடியுங்கள். வாஸ்லினை மெலிதாகத் தொட்டுத் தடவினாலும் சரி. தேங்காய் எண்ணெய் வேலை செய்யும், ஆனால் அதன் மணம் சிட்ரஸ் வகையோடு சேராது. பூ, மர வகைகளோடு பரவாயில்லை.

புடவையிலும் துப்பட்டாவிலும் லேசாக அடிக்கலாம். துணி தோலைவிடக் குளிர்ச்சி, அதனால் எல்லாமே மெதுவாகப் போகும், மேல் வாசனைகூடக் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். பட்டிலும் வெள்ளைத் துணியிலும் வேண்டாம், கறை விழும். வெண்ணிலா அதிகமுள்ள சென்ட் பாட்டிலுக்குள்ளேயே காலப்போக்கில் பழுப்பாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுத்தில் பெர்கமாட் சென்டை அடித்துக்கொண்டு நேராக வெயிலில் போகாதீர்கள். பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டன் என்று ஒன்று உண்டு. வெயில் பட்டால் தோலில் பழுப்புத் திட்டு, சொட்டு வடிந்த மாதிரி விழும். மாதக்கணக்கில் போகாது. இப்போது பெரிய கம்பெனிகள் அதை நீக்கிய எண்ணெயைத்தான் போடுகின்றன. விலை மலிவாகக் கிடைக்கிற பாட்டில்களில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது? உடுப்புக்குள் மறைகிற இடத்தில் போட்டுக்கொண்டால் கவலை இல்லை.

---

அலைகடல் எழுதியது:

தம்பியைக் குளித்துவிட்டு முழங்கை மடிப்பில் போடவைத்தேன். புளிப்பு வரவில்லை. ஆனால் வெயிலில் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்த அன்று அதே இடத்தில் லேசாக வந்தது. வியர்வை கலக்கிறது என்று வாத்தியார் சொன்னது எனக்குப் பொருந்துகிறது. ஆனாலும், அவன் வியர்த்தால் வருகிறது, நான் வியர்த்தால் வருவதில்லை. அந்த வித்தியாசத்துக்கு ஸ்கின் கெமிஸ்ட்ரி என்று பெயர் வைத்தால் தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் ஒன்று, காரின் டேஷ்போர்டிலேயே ஒரு கோடை முழுக்கக் கிடந்தது. இப்போது அடித்தால் முதலில் பெயின்ட் தின்னர் நெடி. பத்து நிமிடம் கழித்துப் பழையபடி நன்றாக இருக்கிறது. தூக்கிப் போடலாமா?

---

ஷார்ஜா_நண்பன் எழுதியது:

அலைகடல், அவரவர் தோலில் இருக்கிற பாக்டீரியா வேறு என்ற வகையில் நீங்கள் சொல்வதும் சரிதான். அந்த அர்த்தத்தில் பேர் வைத்துக்கொள்ளுங்கள்.

டேஷ்போர்டு விஷயம் இங்கே எங்களுக்கு அன்றாடப் பிரச்சினை. இந்த ஊர்க் கோடையில் பூட்டிய காருக்குள் எதை வைத்தாலும் வெந்துவிடும். சென்டில் முதலில் அடிபடுவது மேல் வாசனைதான்.

---

வாத்தியார்_திருச்சி எழுதியது:

ஆமாம். சூடு, வெளிச்சம், பாட்டிலுக்குள் இருக்கும் காற்று மூன்றும் சேர்ந்தால் லிமோனீன் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும். தின்னர் நெடி அதனுடையது. அடியில் இருக்கிற மரம், கஸ்தூரி வகைகள் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அதனால்தான் பத்து நிமிடம் கழித்துப் பழைய வாசனை திரும்பி வருகிறது.

ஆனால் ஆக்சிஜனேற்றம் அடைந்த லிமோனீனும் லினலூலும் சிலருக்குத் தோல் அலர்ஜி உண்டாக்கும். அதனால் அந்தப் பாட்டிலைத் தோலில் போட வேண்டாம் என்பேன். துணியில் அடித்து, நெடி போனதும் உடுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அது பட்ட இடத்தில் அரிப்போ சிவப்போ வந்திருந்தால் துணிக்கும் வேண்டாம். இனி வாங்குவதை அட்டைப்பெட்டியோடு பீரோவுக்குள் வையுங்கள். குளியலறை அலமாரி கூடாது, அங்கே தினமும் வெந்நீர்ச் சூடு ஏறி இறங்கும். பாட்டில் பாதிக்குமேல் காலியானால் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள், உள்ளே காற்று அதிகம்.